மாப்பிள்ளைக் கோட்டுக்கு நான் எடுத்த லைனிங்

ஒரு வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் படித்திருந்தால், அந்த வீட்டுக்கு வரும் ஆபத்துகளில் பாதி அவர் வழியாகத்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்.

அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மாவும் பொன்மணி அக்காவும் பீடி சுற்றினார்கள். அந்த மூட்டையும் பீடியும் சேர்ந்து என்னை பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் பி.ஏ. வரை கொண்டுபோய் நிறுத்தின. பட்டம் வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மருந்து அட்டையை என்னிடம் நீட்டினார்கள், அது நியாயம். மாடு ஏன் தீனி எடுக்கவில்லை என்றும் என்னைத்தான் கேட்டார்கள். (நானும் யோசிக்காமல் பதில் சொன்னேன் என்பதுதான் இதில் மோசமான பகுதி. அது பக்கத்து வீட்டு மாடு.)

இந்த நிலைமையில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை செல்வின் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நல்ல உயரம், நல்ல அகலம். விசில் ஊதிப் பழகியவர் என்பதால் பேச்சும் அப்படியே, ஒரே மூச்சில் சுருக்கமாக. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணமோ மே மாதம். அந்த வெயிலில் ஒருவரைக் கோட்டுக்குள் அடைப்பது பாவம் என்று யாருக்கும் தோன்றவில்லை. முறை என்றால் முறை.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் புத்தகத்தை விரித்த ஒவ்வொரு ராத்திரியும் அவள் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். என் படிப்பு முடிந்த பிறகுதான் தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விட்டாள். அதனால் அவள் கல்யாணத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது, மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறக்கக் கூடாது, பார்த்தவர்கள் அசந்துபோக வேண்டும் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

கறுப்புக் கோட்டுத் துணியை மாப்பிள்ளையே பார்த்து எடுத்துவிட்டார். தைப்பதற்கு எங்கள் தெரு முனையில் இருந்த மாசிலாமணி அண்ணாச்சியிடம் கொடுத்தோம்.

"கோட்டெல்லாம் தைப்பியளா அண்ணாச்சி?" என்று அம்மா சந்தேகமாகக் கேட்டாள்.

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்டிய? வருசத்துக்கு எத்தனை கோட்டு தைக்கேன் தெரியுமா? மெஷினு சூடு ஆறாது!"

என்ன கோட்டு என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "லைனிங் துணி மட்டும் நீங்க எடுத்துக் குடுத்துருங்க" என்றார்.

லைனிங் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு லைனிங் பற்றி என்ன தெரியும்? ரவிக்கைக்கு உள்ளே வைக்கும் காட்டன் துணி தெரியும். ஆனால் கோட்டு விஷயத்தில் நான் வேறு மாதிரியான அறிஞர். கல்லூரியில் படித்த இங்கிலீஷ் நாவல்களில் எத்தனை பிரபுக்களைப் பார்த்திருக்கிறேன்! குதிரையிலிருந்து குதிப்பார்கள். காற்றில் கோட்டு லேசாக விலகும். உள்ளே சிவப்புப் பட்டு மின்னும். அவ்வளவுதான், கதாநாயகி காலி. அந்த நாவல்களில் எந்தப் பிரபுவுக்கும் வேர்த்ததாக எழுதியிருக்கவில்லை. அந்தத் தகவல் எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை.

நானும் அம்மாவும் அப்பாவும் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் சாம்பல் நிறத்திலும் கறுப்பிலும் மெல்லிய துணிகளை எடுத்துப் போட்டார்.

"வேற இல்லையா?" என்றேன், சாம்பலைக் கண்ணால்கூடப் பார்க்காமல்.

"கோட்டுக்கு இதுதாம்மா எடுப்பாவ. வேர்வையை உறிஞ்சும்."

"சிவப்புல சாட்டின் இருக்கா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்கினார். விரித்தார். கடையே ஒரு நொடி சிவந்தது. டியூப் லைட் வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஏட்டி, உள்ள கிடக்கப்போற துணிக்கு எதுக்கு இம்புட்டு மினுக்கு?" என்றாள் அம்மா.

நான் அம்மாவுக்கு விளக்கினேன். வெளியே தெரிகிற துணியை யார் வேண்டுமானாலும் நல்லதாகப் போடலாம். உள்ளே தெரியாத இடத்தில் நல்ல துணி போடுகிறவர்தான் பெரிய மனிதர் என்றேன். (அப்பாவின் பனியன் எத்தனை ஓட்டை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.)

அப்பா தலையாட்டினார். "படிச்ச பிள்ள சொல்லுதுல்லா? எடு."

"நல்லா போற துணிதான்" என்று கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "போன மாசம் ஒரு ஆளு வந்து ஒரு கட்டு முழுசா அள்ளிட்டுப் போனாரு. மிச்சம் இதுதான்."

ஒரு கட்டு முழுக்க சிவப்பு சாட்டினை அள்ளிக்கொண்டு போகிற ஆள் யாராக இருக்கும், எதற்காக இருக்கும் என்று யோசிக்க எனக்கு பி.ஏ. படிப்பு தேவையே இல்லை. ஆனால் நான் யோசிக்கவில்லை. பார்த்தாயா அம்மா, விவரம் தெரிந்தவர்கள் எடுக்கிற துணி என்று பெருமையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

துணியைப் பார்த்ததும் மாசிலாமணி அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "இதுவா? இது என் கைக்குப் பழகின துணில்லா!" என்றார். அதற்கும் நான் மகிழ்ந்தேன்.

கோட்டு தைத்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே கறுப்பு, அளவெடுத்த மாதிரி. உள்ளே உடம்பு, கை எல்லாம் சிவப்பு சாட்டின். அது மட்டுமா? சாட்டின் ஓரம் முழுக்கத் தங்க நிறத்தில் ஒரு லேஸ் ஓடியது.

"லேஸ் நாங்க குடுக்கலியே அண்ணாச்சி?"

"கடையில மிச்சம் கிடந்துச்சு. இந்தத் துணிக்கு அது இல்லாம எனக்குக் கை ஓடாது. என் அன்பளிப்புன்னு வச்சுக்கிடுங்க."

நெஞ்சுப் பக்கம் உள்ளே ஒரு பையும் வைக்கச் சொல்லியிருந்தேன். நாவல்களில் பிரபுக்கள் அதற்குள் கடிகாரம் வைத்திருப்பார்கள். நம் மாப்பிள்ளை அதற்குள் தாலியை வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். எங்கள் முறையில் தாலி மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும். ஐயர் ஜெபித்துக் கொடுக்க மாப்பிள்ளை கட்டுவார். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.)

கல்யாணம் மாலை நாலு மணிக்கு. நான் முன்னதாகவே கோயிலுக்கு வந்து, எங்கள் சர்ச்சைத்தான் சொல்கிறேன், பூ ஜோடனைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. மாப்பிள்ளை ஊர்வலம். வாசலுக்கு ஓடினேன்.

முதலில் தெரிந்தது சிவப்பு. அப்புறம் தெரிந்தது தங்க லேஸ். கிளாரினெட்காரர், டிரம்பெட்காரர்கள், கடைசியில் பெரிய டிரம் அடிப்பவர் வரை எல்லாரும் பளபளவென்று சிவப்பு சாட்டின் கோட்டு போட்டு, ஓரம் முழுக்கத் தங்க லேஸ் வைத்து, என்னைப் பார்த்து முழங்கிக்கொண்டு வந்தார்கள்.

வருசத்துக்கு எத்தனை கோட்டு தைக்கேன் தெரியுமா என்று அண்ணாச்சி கேட்டது அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது.

அவர்களுக்கு நடுவே கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளை வந்தார். எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை. கர்த்தாவே, இந்தப் பொத்தான்கள் மட்டும் ராத்திரி வரை தாங்கட்டும் என்று ஜெபித்தேன். பொத்தான்கள் தாங்கின. மாப்பிள்ளைதான் தாங்கவில்லை.

கோயிலை ஒட்டிய அறைக்குள் வந்ததும், "வேகுது" என்றார். ஒரே சொல். கோட்டைக் கழற்றினார். சாட்டின் அவர் முதுகோடு ஒட்டி, பிரிய மனமில்லாமல் பிரிந்தது. மாப்பிள்ளைத் தோழனாக வந்த அவர் சித்தப்பா மகன் சாம், நல்ல பிள்ளை, கோட்டைக் கைகளோடு சேர்த்து உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, வேர்வை காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் விரித்துப் போட்டான். அதே அறையில்தான் பேண்டு வாத்தியக்காரர்களும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த நேரம் அங்கே இல்லை. அக்காவின் பூச்செண்டுக்கு ரிப்பன் போதவில்லை என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். (இதற்கும் படித்த பிள்ளைதான்.)

திரும்பி வந்தபோது பேண்டு குழு கிளம்பிப் போயிருந்தது. வண்ணார்பேட்டையில் இன்னொரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பாம். வேன் ஆரன் அடித்ததும் ஆளுக்கொரு கோட்டை அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அறைக்குள் மாப்பிள்ளை சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அத்தான், திருப்பிப் போடுங்க, உள்பக்கம் வெளிய இருக்கு" என்றேன்.

கழற்றினார். புரட்டினார். சிவப்பு. மறுபடி புரட்டினார். மறுபடியும் சிவப்பு.

"கறுப்பு எங்க?" என்றார்.

சாம் வாங்கிப் புரட்டினான். நான் வாங்கிப் புரட்டினேன். ஒற்றைத் துணிக் கோட்டில் எத்தனை தடவை புரட்டினாலும் கறுப்பு எப்படி வரும்? அந்த நேரம் ஐயர் உள்ளே எட்டிப் பார்த்தார். சிவப்புக் கோட்டை மறுபடி வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துவிட்டு, "தம்பி, வாத்தியமெல்லாம் வெளிய இருக்கணும். பொண்ணு வார நேரமாச்சு" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் அப்பா பதறிக்கொண்டு வந்தார். "ஏலே செல்வின், தாலி எங்கல?"

"கோட்டுல."

"கோட்டு எங்க?"

"போச்சு."

மாப்பிள்ளையின் அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் கார் தெரு முனைக்கு வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அவள் வந்து இறங்கும்போது தாலி இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் ஏன் இல்லை என்று கேட்டால், தங்கச்சி எடுத்த லைனிங் அழகு அப்படி என்று சொல்ல வேண்டும்.

"காரை ஊரைச் சுத்திட்டு வரச் சொல்லுங்க!" என்று அப்பாவிடம் கத்திவிட்டு, சிவப்புக் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு சாமின் டி.வி.எஸ். பிஃப்டியில் ஏறிவிட்டேன். அதுவரை நான் அப்பாவின் சைக்கிள் தவிர எந்த ஆண்பிள்ளை வண்டியிலும் ஏறியதில்லை.

"கெட்டியா பிடிச்சுக்கிடுங்க!" என்றான் சாம்.

"எதை?"

"எதையாவது!"

நான் பேண்டுக் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வண்ணார்பேட்டை ரோட்டில் அந்த ஊர்வலம் பஸ்களை எல்லாம் நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தது. பூ ஜோடித்த ஜீப்பில் வேறொரு மாப்பிள்ளை. முன்னால் சிவப்புச் சிவப்பாக எங்கள் ஆட்கள், கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கோட்டும் ஒன்றுபோல் இருந்தது. எதற்கு உள்ளே கறுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த ஒரு கணத்தில் என் மூளை கொடுத்த ஒரே யோசனையை நான் செயல்படுத்தினேன். நேராக முதல் ஆளிடம் போனேன். அவர் கோட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே பனியன். அடுத்த ஆள். தூக்கினேன். பனியன்கூட இல்லை. அவர் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்க முடியாமல் கண்ணாலேயே என்னை வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினார். அடுத்தவர் என்னைப் பார்த்துப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். வாசிப்பை நிறுத்தாமலே நடந்தார். பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக நானும் அவரைத் தொடர்ந்து நடந்தேன்.

"ஏம்மா, ஏம்மா! யாரும்மா நீ, என்ன செய்யுத?" என்று பேண்டு மாஸ்டர் கத்தினார்.

"கறுப்பு! உள்ள கறுப்பு யாருக்கு இருக்கு?"

நின்றிருந்த பஸ்ஸின் சன்னல்களில் எல்லாம் தலைகள். ஊர்வலத்தில் தாம்பாளத்தோடு வந்த ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம், "பாவம், ஓடிப்போன புருசனைத் தேடுதா போல" என்றார்.

"முகத்தைப் பாத்துத் தேட வேண்டியதுதான? சட்டையத் தூக்கி எதுக்குத் தேடுதா?"

"என்ன மச்சம் அடையாளமோ, யாரு கண்டா!"

ஜீப்பிலிருந்த மாப்பிள்ளை எழுந்து நின்று பார்த்தார். கடைசியாகப் பெரிய டிரம்மிடம் வந்தேன். அவர் நல்ல வாட்டசாட்டமான மனிதர். நான் குனிந்து தூக்கப் போனதும் டிரம் அடிக்கிற குச்சியைக் குறுக்கே நீட்டினார். "கிட்ட வராத தாயி! நான் பிள்ளகுட்டிக்காரன்!"

நான் தூக்கிவிட்டேன். உள்ளே கறுப்பு.

"இதுதான்! இதுக்குள்ளதான் எங்க அக்கா தாலி இருக்கு!"

வாத்தியம் சட்டென்று நின்றது. பேண்டு மாஸ்டரின் முகம் மாறியது. "தாலியா? ஏலே, கழட்டு லே! கழட்டு லே முதல்ல!"

"எனக்கென்னண்ணே தெரியும்? கோட்டு இன்னைக்குக் கனமா இருக்கேன்னு நானும் நினைச்சேன்" என்று புலம்பிக்கொண்டே அவர் டிரம் வாரை அவிழ்த்தார். அப்போது சாம் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: "அக்கா, கோட்டு புரண்டு கிடந்தா உள்பை வெளியதான இருக்கும்? இங்கன இவருக்கு மட்டும்தான் நெஞ்சுல பை இருக்கு. தூரத்துலேயே தெரிஞ்சுது. சொல்லலாம்னு வந்தேன். நீங்க அதுக்குள்ள…"

அத்தனை பேர் கோட்டையும் தூக்கிய பிறகு சொன்னான்.

பைக்குள் தாலிப் பெட்டி பத்திரமாக இருந்தது. கூடவே டிரம்காரர் வேன் அவசரத்தில் பார்க்காமல் திணித்த வெற்றிலையும் புகையிலையும் இருந்தன. தாம்பாளத்து அம்மா விஷயம் தெரிந்ததும் ஓடிவந்து என் தலையைத் தடவி, "தாலி தேடிவந்து நம்ம ஊர்வலத்துல நின்னுருக்கு, நல்ல காரியம். போ தாயி, ஓடு" என்றார். வண்டி கிளம்பியதும் பேண்டு மாஸ்டர் கையை வீசினார். எங்களுக்காகவே ஒரு பாட்டு எடுத்து முழங்கினார்கள். பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள்.

நாங்கள் கோயில் வாசலில் இறங்கியபோது அக்காவின் கார் எத்தனையாவது சுற்றோ சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கோட்டை வாங்கி, கறுப்பு வெளியே இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டுப் போட்டார். டிரம்காரரின் உடம்புக்கு அண்ணாச்சியின் தையல் ஈடுகொடுக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. முதுகு நடுவில் நெடுகப் பிரிந்திருந்தது. கோயிலில் மாப்பிள்ளை எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்? பீடத்தைப் பார்த்து. முதுகு யாரைப் பார்க்கும்? சபையை. ஆராதனை முழுக்க ஒவ்வொரு முறை அவர் மூச்சு விட்டபோதும் கறுப்பு விலகி, உள்ளே சிவப்பு சாட்டின் மின்னி மின்னி மறைந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்ற என் ஆசை, எங்கள் சபையே பார்க்கும்படி நிறைவேறியது.

ஐயர் தாலிப் பெட்டியைத் திறந்தார். ஒரு கணம் நின்றார். லேசாக மோந்து பார்த்தார். கண்ணை மூடி, வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தார்.

அக்காவிடம் அன்றைக்கு நான் நடந்ததை எல்லாம் சொல்லி அழுதேன். அவள் சிரித்தாள். "ஏட்டி, காரு சுத்தச் சுத்த எனக்குப் பயமா வந்துச்சு. கோயிலுக்குள்ள வந்தா யாரு முகமும் தெரியல. அந்தத் தாலியக் கிட்டக் கொண்டுவந்தாவ பாரு, குப்புன்னு நம்ம வீட்டுப் புகையிலை வாடை. நம்ம வீட்டுலதான இருக்கோம்னு பயமெல்லாம் போச்சுட்டி." அதற்கப்புறம் நான் இன்னும் கொஞ்சம் அழுதேன். அது வேறு அழுகை.

இப்போது நான் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியை. அக்கா மகளுக்கு ஆறு வயது. அவள் அப்பா செல்வின், வீட்டில் பேனா காணோம், சாவி காணோம் என்றால் தேடுவதில்லை. "சித்திய கூப்பிடு. ஒவ்வொருத்தரா தூக்கிப் பாப்பா" என்பார். அதற்கு மட்டும் அவருக்கு இரண்டு வாக்கியம் வருகிறது.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஊட்டிப் பக்கம் வேலை பார்ப்பவர். நெல்லை வெயிலிலும் கோட்டு போட்டு வந்திருந்தார். எல்லாரும் மரியாதையாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் விறுவிறுவென்று அவரிடம் போனாள். கோட்டின் ஓரத்தைத் தூக்கினாள். "சித்தி! இவருக்கு உள்ள சாம்பக் கலரு!" என்று அறிவித்தாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் இந்தக் கதையை நானே முழுக்கச் சொன்னேன். அவர் காப்பி புரையேறச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டி, "பையையும் பாத்துருங்க" என்றார்.

அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக் கோட்டுக்கு லைனிங் எடுக்க அக்கா போயிருக்கிறாள். என்னைக் கடைத்தெருப் பக்கமே விடவில்லை. வாத்தியத்துக்கு அதே பேண்டு குழுவைத்தான் அப்பா பிடித்திருக்கிறார். எல்லாம் பேசி முடித்து எழுந்தபோது பெரிய டிரம்காரர் மட்டும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, வாசிக்க வாரோம். ஆனா உங்க வீட்டு அந்தப் பிள்ள எங்க பக்கத்துல வரப்படாது, ஆமா" என்று உறுதி வாங்கிக்கொண்டாராம்.

அந்தப் பிள்ளைதான் கல்யாணப் பெண் என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.